விட்டிலின் குற்றம் யாது?

மாரிக்காலத்து மாலைப்பொழுதில் முற்றத்து விளக்கை ஏற்றிய சிறிது நேரத்துள், ஈசலும் விட்டிலும் அதனைச் சூழ்ந்து சுழன்று வீழ்ந்து மடிதலை யாவரும் கண்டிருப்பர். ஐம்புலன்களால் உயிர்கள் கெடுமாற்றைக் கூறப் புகுந்த நம் முன்னோர், ஊற்றுக்கு யானையையும், சுவைக்கு மீனையும், நாற்றத்துக்கு வண்டையும், ஓசைக்கு அசுணத்தையும், ஒளிக்கு விட்டிலையும் உதாரணமாக எடுத்துக்காட்டினர். யானும் முப்பது வருடங்களாக மாணாக்கர்க்கு இதனையே எடுத்தோதி, “ஆசையால் அழிந்தது விட்டில்” என்று முடித்து வந்தேன். நெறிதவறிய பிள்ளைகளைக் கண்டித்தற்கும் இவ்வுவமையையே துணைக்கொண்டேன். அம்முடிபு பொருந்துமோ என்னும் ஐயம் இப்பொழுது எழுந்துள்ளது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இரவிற் பறக்கும் பூச்சிகள் வழியறியாப் பேதைகள் என்று எண்ணற்க. அவற்றின் கண் ஒவ்வொன்றும் எண்ணிறந்த நுண்கண்களின் தொகுதியாம். விட்டில்களிற் பலவற்றுக்கு, நூற்றுக்கணக்கான நுண்கண்களின் வழிப் புகும் ஒளி ஓரிடத்தே வந்து கூடுதலின், மிக்க இருளிலும் காட்சி உண்டாகின்றது. ஒருவகைப் பெருவிட்டில், விண்மீன்களின் ஒளி மாத்திரமே உள்ள பொழுதிலும் பூவின் நிறத்தைப் பகுத்தறியும் என்று சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தென்னாபிரிக்காவிலுள்ள சாணவண்டு பால்வீதியை நோக்கித் தன் உருண்டையை நேரே உருட்டிச் செல்லும் என்பது 2013இல் நிறுவப்பட்டது. ஆஸ்திரேலியாவில் வாழும் பொகொங் விட்டில், தான் முன் ஒருபோதும் கண்டிராத மலைக்குகைகளை நாடி ஆயிரம் கிலோமீற்றர் வரையும் இரவிற் பறந்து செல்கின்றது. அது விண்மீன்களைக் கொண்டு திசையறிகின்றது என்பது 2025இல் வெளியாயிற்று.

இத்துணை வல்லமையுடையன நம் வீட்டு விளக்கின்முன் தடுமாறுவதேன்? இதனை ஆராய்ந்தவர், இலண்டன் இம்பீரியல் கல்லூரியையும் புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தையும் சார்ந்த விஞ்ஞானிகள். விரைந்து படம்பிடிக்கும் கருவிகளைக் கொண்டு ஆய்வுசாலையினும் கொஸ்தாரிக்கா நாட்டினும் தாம் கண்டவற்றை அவர்கள் 2024இல் வெளியிட்டனர். அதன் சாரம் வருமாறு: பறக்கும் பூச்சிக்கு மேல் எது, கீழ் எது என்பதை உடலின் பாரத்தால் மாத்திரம் அறிதல் அரிது. இரவினும் நிலத்தைப் பார்க்கிலும் வானம் ஒளியுடையதாகலின், ஒளியுள்ள பக்கம் தன் முதுகைத் திருப்பிப் பறத்தலே அதன் இயல்பு. விளக்கின் அருகே வந்த பூச்சி, அவ்விளக்கை வானமென மயங்கி முதுகை அதற்குக் காட்டுகின்றது. ஆதலின் அதனைச் சுற்றிச் சுற்றி வருகின்றது. விளக்கின் மேலாகச் செல்லுங்கால் தலைகீழாகக் கவிழ்ந்து வீழ்கின்றது. நிலத்தில் விரித்த வெண்டுகில் ஒளிர்ந்தபோது கவிழ்ந்த பூச்சிகள், மேலே கட்டிய துகில் ஒளிர்ந்தபோது நேரே பறந்தன. அலரியில் வளரும் விட்டில் முதலிய சில இதற்கு விலக்காயினும், பெரும்பாலன இவ்வாறே ஒழுகின.

ஆகவே, விளக்கின் அருகே அவை கெடுவது ஆசையாலன்று என்பது பெறப்படும். வானத்தைச் சார்ந்து உய்தற்கென அமைந்த இயல்பே, சாரத்தகாததைச் சார்ந்தவழிக் கேடாய் முடிகின்றது. நம் சித்தாந்தம் உயிர்க்கு இயல்பாகக் கூறுவதும் சார்ந்ததன் வண்ணமாதலேயன்றோ? ஆணவமாகிய இருளிலே மாயை விளக்குப்போல உதவும் என்று நம் ஆசாரியர்கள் உணர்த்தினர். அவ்விளக்கு தீயதன்று, கதிரவன் தோன்றுமளவும் வேண்டப்படுவதே. அதனையே கதிரவன் எனக் கொள்ளுதலே மயக்கமாம்.

அற்றேல், தீநெறிச் செல்லும் மாந்தர்க்கும் குற்றமில்லையோ எனின், அஃதன்று. விட்டிலுக்கு விளக்கையும் வானத்தையும் பகுத்தறியும் ஆற்றல் இன்று; மக்கட்கு அஃது உண்டு. ஆயினும் அவ்வாற்றல் முதிராத இளைஞரை நாம் எவ்வாறு நோக்குதல் வேண்டும்? திருமறைக்காட்டுத் திருக்கோயிலில் எலியொன்று, சுடரால் மூக்குச் சுடப்பட்டு, அறியாதே திரியைத் தூண்டியது. அதற்கு இறைவன் உலகாளும் பேறளித்தான் என்பது நாம் போற்றும் வரலாறு. அறியாது செய்த பணிக்கு அருளிய பெருமான், அறியாது வீழ்ந்ததனை இகழ்வனோ? வீழ்ந்த மாணாக்கனை, “ஏன் வீழ்ந்தாய்?” என்று யான் பன்முறை வினாவியதுண்டு. “உன்முன் அவ்விளக்கை இட்டவர் யார்?” என்று ஒருபோதும் வினாவிற்றிலேன். அக்குறையை இன்று உணர்கின்றேன்.

விளக்கிடுவோர்க்கும் கடனுண்டு. கார்த்திகை விளக்கீட்டில், அவ்வொளியைக் காணும் புழுவும் கொசுவும் விட்டிலும் பிறவித்துன்பம் நீங்குக என்று வேண்டும் வழக்கு நம்மவரிடை உண்டு. அவ்வேண்டுதலைச் சொல்லளவில் நிறுத்தாது, செயலினும் காட்டுதல் நன்று. வீட்டினும் கோயில் வீதியினும் வேண்டாத மின்விளக்குகளை இரவில் அணைத்துவிடுக. வேண்டுவனவற்றுக்கு மேன்மூடியிட்டு, ஒளி வேண்டுமிடத்து மாத்திரம் விழச்செய்க. கொல்லாமையைப் போற்றும் சைவர்க்கு இஃது அரிய காரியமன்று.

பெற்றோரும் ஆசிரியரும் பெரியோரும் பிள்ளைகளின்முன் ஏற்றப்பட்ட விளக்குகளே. அவர்கள் தம்மையே சுற்றிவரச் செய்யாது, இறைவன் திருவடியாகிய பெருவெளியைச் சாருமாறு பிள்ளைகளுக்கு வழிகாட்டுவாராக.

திருவருள் முன்னிற்க.