திருத்த இடம் விட்டவர்

பசுமலையிலிருந்து கீழடிக்கு ரிங் ரோடு பிடித்துப் போனால் பைக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெளியூர் நண்பர்கள் வந்தால் முதலில் மீனாட்சியம்மன் கோயில், பிறகு ஜிகர்தண்டா, மூன்றாவது கீழடி என்று ஒரு வரிசை எங்கள் வீட்டில் உருவாகிவிட்டது. அங்கே கூட்டிப் போனவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை வருஷம் பழசு?" ஓர் எண்ணைச் சொன்னதும் முகத்தில் ஒரு நிறைவு வந்துவிடும். அடுத்த கேள்வி வராது. அந்த எண்ணை யார் எப்படிச் சொன்னார்கள், அது தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று நானும் வெகுநாள் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர், தவறாகச் சொன்ன ஒருவர்தான்.

மார்டிமர் வீலர். பிரிட்டனில் ரோமானியர் விட்டுச்சென்ற ஊர்களைத் தோண்டிப் பெயரெடுத்தவர், போரில் பிரிகேடியர். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த சாடியின் கழுத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, அது மத்தியதரைக் கடல் பக்கம் மதுவும் எண்ணெயும் ஏற்றிவரும் ஆம்போரா. எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் புதுச்சேரிக்குப் போனார். 1945இல் அரிக்கமேட்டில் மண்வெட்டி இறங்கியது.

அங்கே அவர் தேடியது ரோமாபுரியை அல்ல, ஒரு கடிகாரத்தை. தென்னிந்தியாவில் பானைகள் ஏராளம், ஆனால் எந்தப் பானை எந்த நூற்றாண்டு என்று சொல்ல வழியில்லை. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புக் கிண்ணங்களுக்குக் காலம் தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அவற்றின் காலம் முடிந்துவிடுகிறது. அந்த அரெட்டைன் துண்டு எந்த மண்ணடுக்கில் கிடக்கிறதோ, அதே அடுக்கில் கிடக்கும் நம்மூர்ப் பானைக்கும் அதே காலம். அங்கே கிடைத்த ஓடுகளில் கீறியிருந்த தமிழ் எழுத்துகளுக்கும் அப்படித்தான் காலம் கிடைத்தது. என் தொழிலில் இதற்கு ஈடு உண்டு. பல சர்வர்கள் ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும்போது, நம்பகமான ஒரு கடிகாரத்தைப் பிடித்து எல்லாவற்றையும் அதற்கு ஒத்திசைப்போம்.

இதுவரை அழகு. இதற்குமேல் வீலர் ஒரு கதை சொன்னார். எளிய மீனவர் குடியிருப்பாக இருந்த இடம், மேற்கத்தியர் வந்த பிறகே துறைமுகமாக எழுந்தது என்பது அந்தக் கதை. 'இந்தோ-ரோமானிய வணிக நிலையம்' என்று அறிக்கையின் தலைப்பிலேயே போட்டார். பற்சக்கரத்தை உருட்டியதுபோல் உள்பக்கம் புள்ளி வட்டங்கள் போட்ட ரௌலட்டட் தட்டுகளையும் மேற்கோடு சேர்த்துவிட்டார். பேரரசின் காலத்தில் வளர்ந்த மனிதர், பார்க்க விரும்பியதைப் பார்த்தார்.

1983இல் விமலா பெக்லி அரிக்கமேட்டை மறுபரிசீலனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். அரெட்டைன் துண்டுகள் வருவதற்கு முன்பே அந்த ஊர் இருந்தது, ரௌலட்டட் தட்டுகளும் இருந்தன, கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கே அதன் வாழ்வு போகிறது என்றார். 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே மறுபடி தோண்டினார். ஆம்போராக்களை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் பல கிரேக்கத் தீவான கோஸின் மதுச்சாடி வகை என்று அடையாளம் கண்டார். ரௌலட்டட் தட்டுகளின் மண் இந்திய மண்தான் என்று பிற்பாடு சோதனைகள் காட்டின. வீலரின் கதை சரிந்தது.

என்னை உட்காரவைத்தது இனிமேல்தான். அந்த 1983 கட்டுரைக்குப் பெக்லி எதை வைத்து வாதாடினார்? அவருடைய அகழாய்வு அதற்குப் பிறகுதானே வருகிறது. 1947 வாக்கில் அங்கே தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் கசாலின் பதிவுகள் ஒருபக்கம். வீலரே வெளியிட்ட அறிக்கை மறுபக்கம். தோண்டிய மறு ஆண்டே, 1946இல், அது அச்சாகிவிட்டது. குழிச்சுவரின் வெட்டுமுகப் படங்கள், எண்ணிட்ட அடுக்குகள், எந்த ஓடு எந்த அடுக்கில் என்ற கணக்கு, எல்லாம் அதில் இருந்தன. அரெட்டைனுக்குக் கீழேயும் அடுக்குகள் இருப்பதை வீலரே வரைந்து வைத்திருந்தார். தன் கதைக்கு எதிரான சாட்சியைத் தன் கையாலேயே பத்திரப்படுத்திய மனிதர் அவர்.

இதை நல்லொழுக்கம் என்று சொல்லலாமா? அது வெறும் தொழில்முறை என்று ஒரு நண்பர் வாதாடினார். மேலும் அந்தக் கதை 37 ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்ததே, அதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? நியாயம்தான். ஆனாலும் அகழாய்வில் ஒரு கொடூரம் உண்டு. கோடை (அதாவது, மென்பொருளை) நான் கெடுத்தால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். மண்ணைத் திருப்ப முடியாது. தோண்டுவது என்பது புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தவுடன் கிழித்துப் போடுவது. படித்தவர் எழுதிவைக்காவிட்டால் அந்தப் பக்கம் இல்லவே இல்லை. தவறாகப் புரிந்துகொண்டு எழுதியதைத் திருத்தலாம். எழுதாததை என்ன செய்ய?

ஷ்லீமன் ட்ராயைத் தேடி 1870களில் ஹிஸ்ஸார்லிக் மேட்டை நடுவாகப் பிளந்தார். ஹோமரின் நகரம் அடியில்தான் இருக்கும் என்ற அவசரத்தில், தேடிய காலத்தின் அடுக்குகளையே வாரிக் கொட்டினார். அவரைத் தேடுதல் மீதான காதல் என்று கொண்டாடுகிறோம். எனக்கு அந்தக் காதல் பயமாக இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டினார்கள். முழு அறிக்கை பத்தாண்டுகளுக்கு மேலாகியும் வரவில்லை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை வழக்குப் போனது. கீழடியில் முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம் அதைத் திருத்தச் சொல்லித் தொல்லியல் துறை திருப்பியனுப்பியது. அவர் தன் கணிப்பில் நின்றார். அவர் சொல்லும் காலம் சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மறுப்பவர்கள் மறுக்க வேண்டிய இடம் அச்சான அறிக்கைக்குப் பிறகு அல்லவா? அச்சில் வந்தால்தானே ஒரு பெக்லி வர முடியும், அவர் கீழடியைக் கூட்டினாலும் சரி, குறைத்தாலும் சரி. இதைச் சொன்னால் நம்மாட்களுக்கும் பிடிப்பதில்லை. "குறைச்சா என்னண்ணே பண்ணுவீங்க?" என்று ஒரு தம்பி கேட்டான். குறைந்தால் குறையட்டும் என்றேன். அவன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

இவ்வளவு வக்கணையாகப் பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், சம்பளக் கணக்கு மென்பொருளில் பைசாவை எங்கே முழுமையாக்குவது என்று ஒரு முடிவெடுத்தேன். ஏன் என்று ஒரு வரி எழுதவில்லை. மாற்றத்துக்கு 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் குறிப்புப் போட்டேன். நான்கு ஆண்டு கழித்துத் தொகை உதைத்தது. புதிதாகச் சேர்ந்த பையன் மூன்று ராத்திரி உட்கார்ந்து தேடினான். "அண்ணே, இத யாரு, எதுக்கு இப்படி எழுதுனாங்கன்னே தெரியலண்ணே" என்றான். எனக்குத் தெரியும். "பாப்போம்" என்றேன்.

தவறு செய்தது இப்போதும் பெரிதாக உறுத்தவில்லை. அந்த 'சரிசெய்யப்பட்டது' உறுத்துகிறது.

போன வாரம் அவனுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அன்னைக்கு எதுக்குண்ணே அப்படி ரவுண்ட் பண்ணீங்க?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். எனக்கே ஞாபகமில்லை.