பழுதும் புதுப்பித்தலும்: எது மாறினால் பொருள் மாறும்?

பழைய மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பரைப் பிரித்து உறுப்புகளை மாற்றிப் பூட்டினால், அது பழையதுதானா, புதியதா? பின்னப்பட்ட கோயில் விக்கிரகத்தின் இடத்தில் புதிய விக்கிரகம் அமரும்போதும் இதே கேள்வி எழுகிறது. குமரி மாவட்டத்து மயிலாடியில் இந்தக் கேள்வி தொழிலோடு ஒட்டியது. சுசீந்திரத்துக்கு அருகிலுள்ள இவ்வூர்ச் சிற்பிகள் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் கல் விக்கிரகங்கள் செதுக்கித் தருகிறார்கள். மயிலாடிக் கற்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது.

முதலில் இயந்திரம். 1955 முதல் சென்னையில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு ஷாக் அப்சார்பர் உண்டு. வெளியே சுருள் ஸ்பிரிங். உள்ளே எண்ணெய் நிறைந்த குழாய், அதில் ஏறி இறங்கும் பிஸ்டன், அதைத் தாங்கும் தண்டு. குலுக்கலைத் தாங்குவது ஸ்பிரிங். சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிப் பாயும்போது அந்த ஆட்டம் வெப்பமாகி அடங்குகிறது. எண்ணெய் ஒழுகிவிட்டால் வண்டி துள்ளிக்கொண்டே போகும்.

பிரிக்கும்போது ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்த பிறகே பூட்டை எடுக்க வேண்டும். இல்லையேல் அது தெறித்து ஆளைக் காயப்படுத்தும். கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய் சீல். ஆனால் சீலை மட்டும் மாற்றினால் போதாது. தண்டில் துரு அரித்த குழி இருந்தால் அதன் விளிம்பு புதுச் சீலையும் கிழித்துவிடும். அதனால் தண்டுக்குக் குரோம் பூசிக் கடைந்து வழவழப்பாக்க வேண்டும், அல்லது புதிது போட வேண்டும். ரப்பர் புஷ்ஷும் எண்ணெயும் எப்படியும் புதியவை. தண்டும் புதிதானால், கடைசியில் பழையதாக எஞ்சுவது குழாயும் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் மட்டுமே.

அப்போதும் அது அதே பொருள்தானா என்பதற்கு இந்தியத் தத்துவம் ஒரே விடை சொல்லவில்லை. பௌத்தத்தில், மிலிந்த மன்னனிடம் நாகசேனர் என்ற பிக்கு தேரை எடுத்துக்காட்டுகிறார்: அச்சும் தேரல்ல, சக்கரமும் தேரல்ல, அவற்றுக்கு அப்பால் தேர் என்று தனியே ஒன்றும் இல்லை, உறுப்புகள் கூடியிருப்பதற்கு இட்ட பெயரே தேர். அப்படியானால் ‘அதேதானா’ என்பது பெயர் வழக்கைப் பற்றிய கேள்வியாகிவிடும். நியாய வைசேஷிகர் இதை மறுக்கிறார்கள். உறுப்புகளில் தங்கும் முழுமை உண்மையான தனிப்பொருள் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் உறுப்பு மாறினால் பழைய முழுமை அழிந்து வேறொரு முழுமை தோன்றுகிறது. ஒத்த தோற்றத்தால் நாம் அதையே காண்பதாக எண்ணுகிறோம். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைக் குறித்துக் கிரேக்கத்திலும் இதே வழக்கு நடந்தது.

கோயில் முறை இந்த வழக்கைச் செயலில் தீர்க்கிறது. பழுதுபட்டதைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணத்தின் தொடக்கத்தில் மந்திரத்தால் தெய்வ சக்தி விக்கிரகத்திலிருந்து கும்பத்துக்கு மாற்றப்படுகிறது. தற்காலிகச் சன்னதியான பாலாலயத்தில் பூசை தொடர்கிறது. கருவறையில் வேலை நடக்கும் காலத்திலும் வழிபாடு முறியக் கூடாது என்பதே நோக்கம். புதிய சிலையையோ செப்பனிட்ட சிலையையோ பீடத்தில் நிறுத்தி அஷ்டபந்தன மருந்து சாத்துகிறார்கள். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் சேர்த்து இடித்த இந்தச் சாந்து, சிலைக்கும் பீடத்துக்கும் இடையே நீர் இறங்காமல் காக்கிறது. பிறகு கும்பத்திலிருந்த சக்தி கும்பாபிஷேகத்தில் திரும்ப எழுந்தருளுகிறது. முறைகள் ஊருக்கு ஊர் வேறுபடும். சுசீந்திரம் போன்ற குமரி மாவட்டக் கோயில்களில் கேரளத் தந்திரிகளின் வழி நடக்கிறது.

ஆகவே கல் முழுவதும் மாறினாலும் அடியார் வணங்குவது அதே இறைவனைத்தான். சைவ சித்தாந்தப்படி கல் இறைவன் அல்ல. அருளால் அவன் எழுந்தருளும் இடம். இடம் புதிதானதால் எழுந்தருள்பவன் புதியவன் ஆவதில்லை. இயந்திரத்துக்கு இத்தகைய துணை இல்லை. உறுப்பும் அது செய்யும் பணியும் தவிர அதனுள் வேறு எதுவும் குடியிருக்கவில்லை. எனவே அதன் தொடர்ச்சி படிப்படியான மாற்றத்தில்தான் நிற்கிறது. சீலும் புஷ்ஷும் மாறினால் அது பழைய ஷாக் அப்சார்பர். கடையில் முழுதாக வாங்கி மாட்டினால் புதியது. வண்டி மட்டும் அதே வண்டியாகத் தொடரும். சட்டமும் அதை அடிச்சட்ட எண்ணாலும் எஞ்சின் எண்ணாலும் அடையாளம் காண்கிறது.

இரண்டுக்கும் பொதுவான நெறி ஒன்று உண்டு. சிலையின் முதன்மை உறுப்பு உடைந்தால்தான் அதை நீக்க வேண்டும். விரல் நுனி, அணிகலன் போன்ற சிறு பின்னங்களைச் சீர்செய்து கொள்ளலாம் என்று ஆகமங்கள் பகுத்துச் சொல்கின்றன. பழுதை அளந்து பார்க்காமல் பழையதைக் களைவதை அந்த நெறி ஏற்பதில்லை. தேய்ந்ததை மாற்றுவதும் தேயாததைக் காப்பதும் சேர்ந்ததே புதுப்பித்தல். இதில் கருவறைக்கும் பட்டறைக்கும் வேறுபாடு இல்லை.