கடுக்காயும் காயமும்

பதனிடக் குரோமிய உப்பு வருவதற்கு முன், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். அவற்றின் துவர்ப்பு, தோலிலுள்ள கொலாஜன் இழைகளைப் பிணைத்து இறுக்கிவிடும். அழுகிப்போக வேண்டிய தோல் செருப்பாகிப் பல வருஷம் உழைக்கும். புண்ணைக் கழுவவும் நம் வைத்தியத்தில் கடுக்காய்க் கஷாயம் உண்டு.

*

பதனிடும் தோலில் கொலாஜன் எப்போதோ நெய்து முடிக்கப்பட்டது. காயத்தில் அது இனிமேல்தான் உருவாக வேண்டும். முதலாவதை இறுக்கினால் போதும். இரண்டாவதற்கு உயிருள்ள செல்கள் வந்து சேர வேண்டும், ரத்தம் ஓட வேண்டும், சீழ் பிடிக்காமல் இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஒரு செடி உதவுமா?

*

1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இதையும் ஆராய்ந்திருக்கிறது. 1996-இல் வல்லாரை, 1998-இல் சோற்றுக்கற்றாழை, 2002-இல் கடுக்காய் மரத்தின் இலை. மூன்றும் எலிகளின் காயத்தில். பதனிடக் காய், காயத்துக்கு இலை! இலைச்சாற்றை ஆல்கஹாலில் இறக்கிப் பூசியபோது, கீறிய காயம் கூடிய இடத்தின் வலு சுமார் 40 சதவீதம் அதிகரித்திருந்தது. இந்த வலுவை அளக்க, ஆறிய தோலில் ஒரு பட்டை நறுக்கி, இரு முனையையும் கவ்வி இழுத்து, எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று பார்ப்பார்கள். ஷூ தைக்கும் தோலையும் இப்படித்தான் இழுத்துப் பார்க்கிறார்கள்.

*

இந்தச் சோதனைகளில் என் மனம் நிற்பது சாறு பூசாத எலியிடம். அதற்கும் அதே அளவு காயம்; சாறு கலக்காத வெறும் களிம்பையாவது அதற்குப் பூசியிருந்தால்தான் ஒப்பீடு நியாயமாகும். களிம்பே காயத்தை உலரவிடாமல் காக்கும். ஈரம் காத்து மூடிய காயத்தில் புதுத்தோல் வேகமாகப் படர்வதை 1962-லேயே ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் காட்டிவிட்டார். ஆகவே வெறும் களிம்பைவிட இலை எவ்வளவு கூடுதலாகச் செய்தது என்பதே கேள்வி. இன்னொன்று: எலியின் தோல் தளர்வானது, காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்ளும். நமக்கு அடியிலிருந்து சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் படர வேண்டும். எலியில் ஆறியது நம் காலிலும் ஆறும் என்று சொல்லிவிட முடியாது. பச்சிலையை நம்புகிறவர்கள்தான் இந்தக் கண்டிப்பை முதலில் கேட்க வேண்டும்.

*

மனிதக் காலின் புண்ணைப் பற்றிய பாடம் ஒன்று வேலூர்ப் பக்கம் உண்டு. காட்பாடிக்குப் பக்கத்திலேயே கரிகிரி தொழுநோய் மருத்துவமனை, 1955 முதல். அதற்கு முன்பெல்லாம், தொழுநோயாளியின் சதைக்கே ஆறும் தன்மை இல்லை என்று நம்பினார்கள். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், குற்றம் சதையில் இல்லை என்று கண்டார். வலி தெரியாததால் நோயாளிகள் புண்ணின் மேலேயே நடந்தார்கள். மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தை இறக்கியதும் புண்கள் ஆறின. பிறகு அந்தக் கால்களுக்கு எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார்) ரப்பர் செருப்பு வந்தது.

சர்க்கரை நோயால் மரத்துப்போன கால்களுக்கும் இதே கதைதான். பாரம் இறக்கிய காலில், வெறும் களிம்பு ஒரு பாதிப் பேருக்கு, இலைச்சாறு கலந்தது மறுபாதிக்கு என்று போட்டு, எது எத்தனை நாள் முன்னால் ஆறுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.