கொந்தராத்துக்காரரிடம் கொடுத்துவிட்டேன்

வீட்டைத் திருத்திக் கட்டியவர்கள் கொந்தராத்துக்காரரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லக் கேட்டது குறைவு. முற்பணம் வாங்கியவர் இரண்டு கிழமையாகத் தலைகாட்டவில்லை. குளியலறைத் தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் வாசற்பக்கம் வருகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றால் இக்கதைகளைக் கேட்கலாம். பெரும்பாலும் உண்மைக் கதைகளே. ஆனால் அவற்றில் ஒருவர் வருவதே இல்லை: சீமெந்துக் கலவை சுமக்கும் கையாள்.

2021ஆம் ஆண்டின் இறுதியில், கொட்டாஞ்சேனையில் எமது பழைய வீட்டின் குசினியையும் குளியலறையையும் இடித்துக் கட்ட ஒருவரிடம் முழுக் கொந்தராத்தாகக் கொடுத்தேன். சாமானும் கூலியும் அவர் பொறுப்பு. தொகையை எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். எங்கள் ஒழுங்கைக்குள் லொறி வராது. மணலும் கல்லும் சந்தியில் கொட்டப்பட்டுத் தலைச்சுமையாகவே வந்தன. சுமந்தவன் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்த இளைஞன். அவனுக்குத் தேநீர் கொடுத்த கோப்பை வேறாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2022 மார்ச்சில் ரூபாய் சரிந்தது. வருடத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியது. சீமெந்து, கம்பி, டைல்ஸ் எல்லாமே ஏறின. "ஐயா, பேசின காசுக்கு முடிக்க ஏலாது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ" என்று கொந்தராத்துக்காரர் வந்து நின்றார். நான் கடதாசியை எடுத்துக் காட்டினேன். விலை இறங்கியிருந்தால் நீர் எனக்குக் குறைத்திருப்பீரோ என்றும் கேட்டேன். கெட்டித்தனமான கேள்வி என்று அன்று நினைத்தேன். அவர் மறுபேச்சின்றி வேலையைத் தொடர்ந்தார்.

சில கிழமைகளின் பின் ஒரு சனிக்கிழமை மாலை அந்த இளைஞன் வாசலில் நின்றான். "மூணு கெழமையா சம்பளம் தரலைங்க ஐயா. வீட்டுக்குக் காசு அனுப்பணும்."

"தம்பி, அவரிட்டைக் கேளும். நான் அவருக்குக் குடுத்திட்டன்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. தவணைகள் எல்லாம் கட்டியிருந்தேன்.

ஆனால் அந்தப் பதில் போதுமா? கூலிக்காரனுக்கும் எனக்கும் ஒப்பந்தமில்லை என்பது சரி. உபாகமம் ஏழையின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுக்கச் சொல்கிறது. ஒப்பந்தத்தைக் காரணமாகக் காட்டவில்லை, அவன் அதையே நம்பியிருக்கிறான் என்கிறது. அயலானைக் கூலியின்றி உழைக்கவைத்து மாளிகையைப் பெருப்பித்த யோயாக்கிம் அரசனை எரேமியாஸ் தீர்க்கதரிசி கடுமையாகச் சாடுகிறார். அரசன் தானே நின்று கூலிக் கணக்குப் பார்த்திருப்பானா? இடையில் எத்தனையோ கங்காணிகள் இருந்திருப்பார்கள். தீர்க்கதரிசி பேசுவதோ வீட்டுக்காரனோடு.

இருவரும் சம்மதித்த கூலி என்பதாலேயே அது நீதியான கூலியாகிவிடாது என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதினார். 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், நேரடியாக வேலை கொடுப்பவரோடு, வேலையின் நிபந்தனைகளை மறைமுகமாகத் தீர்மானிப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்றார். அவர் முக்கியமாக எண்ணியது அரசுகளையும் பெரிய நிறுவனங்களையும். கொட்டாஞ்சேனைக் குசினியை அல்ல. ஆயினும் ஏறிய விலையை யாரோ சுமக்கத்தான் வேண்டியிருந்தது. நான் மறுத்தேன். கொந்தராத்துக்காரர் அதைக் கீழே இறக்கினார். இறக்கிவைக்கக் கீழே ஆளில்லாதவன் தலையில் அது நின்றது.

கேட்டதையெல்லாம் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்டிக் கொடுத்ததைத் தன் பையில் போடுகிறவர்களும் உண்டு; வீட்டுக்காரர் எல்லாரும் பணக்காரருமல்லர். அந்த வருடம் எங்கள் வீட்டிலும் கையில் இருந்தது கொஞ்சந்தான். ஆனால் கடைப் பற்றுச்சீட்டுகளைக் காட்டச் சொல்லியிருக்கலாம். டைல்ஸைச் சுவரின் பாதி உயரத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதைப் பற்றி ஒரு பேச்சுக்கூட நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவனுக்கென்று கொஞ்சக் காசு எடுத்து வைத்திருந்தேன். அவன் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டானாம், எந்தத் தோட்டம் என்று கொந்தராத்துக்காரருக்கும் தெரியவில்லை.

பிறகு கூரை வேலைக்கு வேறொருவரைப் பிடித்தேன். சனிக்கிழமைக் காசை ஆட்களையும் நிற்கவைத்து அவர்கள் முன்னிலையிலேயே கொடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவைத்தேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.