தேவையும் விருப்பும்: கைக்கடிகாரம் ஒன்றை முன்னிறுத்திய ஒழுக்கவியல் நோக்கு

தமிழிலே 'வேண்டும்' என்னும் சொல் தேவையையும் குறிக்கும்; விருப்பத்தையும் குறிக்கும். நோயாளிக்கு மருந்து வேண்டும் என்பதும், குழந்தைக்கு நிலவு வேண்டும் என்பதும் ஒரே சொல்லாலேயே உணர்த்தப்படுகின்றன. அன்றாடப் பேச்சில் இடர் விளைவிக்காத இவ்வொருமை, ஒருவர் தமது செயலுக்குத் தாமே நியாயம் கற்பிக்க முற்படும்போது சிக்கலுக்குரியதாகின்றது. விரும்பியதைத் தேவையென்று தமக்குத்தாமே நிறுவிக்கொள்ளுதல் மனித ஒழுக்கத்தின் மிகப் பழைய வழுக்களில் ஒன்று. அதனை ஆராய்வதற்குப் பெருங் குற்றங்களை நாடவேண்டியதில்லை. நாள்தோறும் அணிவதற்கென ஒருவர் சுவிற்சர்லாந்தின் விளையாட்டுப் பாங்கான குரோனோகிராப் கைக்கடிகாரம் ஒன்றைத் தெரிவுசெய்யும் சிறு செயலே போதுமானது.

குரோனோகிராப் என்பது நேரத்தைக் காட்டுவதோடு, பொத்தானை அழுத்தியதும் ஒரு நிகழ்வு நீடிக்கும் காலத்தையும் தனியே அளந்து காட்டும் கடிகாரமாகும். கிரேக்க மூலத்தின்படி இச்சொல் 'காலத்தை எழுதுவது' எனப் பொருள்படும். 1821 இல் பாரிஸ் நகரக் குதிரைப் பந்தயங்களை அளப்பதற்கு நிக்கொலா ரியூசெக் பயன்படுத்திய கருவி, உண்மையாகவே மைப்புள்ளி இட்டுக் காலத்தை எழுதியது. பின்னர் குதிரையின் இடத்தை மோட்டார்ப் பந்தயக் கார் பெற்றது. 1957 இல் வெளிவந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்ரர், 1963 இல் வெளிவந்த ஹொயர் கரேரா, அதே ஆண்டின் றோலெக்ஸ் டேற்றோனா ஆகியன இம்மரபின் புகழ்பெற்ற வடிவங்கள். இவ்வகைக் கடிகாரங்கள் பலவற்றில் வேகத்தைக் கணிக்கும் அளவுகோல் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு கிலோமீற்றரை 30 செக்கனிற் கடந்தால், மணிக்கு 120 கிலோமீற்றர் என அது காட்டும்.

இத்தகைய கடிகாரத்தை வாங்குவோர் முதலில் முன்வைக்கும் நியாயம் பயன்பாடு பற்றியதாகும். அது துல்லியமானது, உறுதியானது, பலவகையில் உதவுவது என்பர். இந்நியாயம் ஆய்வுக்கு நின்றுபிடிப்பதில்லை. செக்கனுக்கு 8,192 தடவை அதிரும் படிகத்தைக் கொண்டு இயங்கும் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை யப்பானின் சீக்கோ நிறுவனம் 1969 டிசெம்பரில் விற்பனைக்கு விட்டது. அது முதல், துல்லியம் என்பது விலையோடு தொடர்பற்ற ஒன்றாக மெல்ல மாறிவிட்டது. சுவிஸ் பரிசோதனையில் தேறிச் சான்றிதழ் பெறும் பொறிமுறைக் கடிகாரத்துக்கு நாளொன்றுக்கு 4 செக்கன் பிந்தவோ 6 செக்கன் முந்தவோ அனுமதி உண்டு. மலிவான குவாட்ஸ் கடிகாரமோ மாதமொன்றில் அரை நிமிடந்தானும் பிசகுவதில்லை. மேலும், பரவலாக வழங்கும் வல்ஜூ 7750 என்னும் இயந்திரத்தின் தடிப்பு மட்டுமே 7.9 மில்லிமீற்றர், சட்டைக் கையினுள் அது எளிதில் அடங்காது. உறுப்புகள் மிகுதியாதலின் பராமரிப்புச் செலவும் மிகும்.

1970 ஏப்பிரலில் அப்பலோ 13 விண்கலம் பழுதுற்றபோது, திரும்பும் பாதையைத் திருத்துவதற்கான 14 செக்கன் எரிப்பை விண்வெளி வீரர் ஒமேகாக் கடிகாரத்தைக் கொண்டே அளந்தனர். அங்கே அக்கருவி தேவையின் பாற்பட்டது. அலுவலகத்துக்கு அதை அணிந்து செல்பவரோ அவ்வீரரின் தேவையை இரவல் வாங்குகின்றார். பயன்பாட்டு நியாயத்தின் உள்ளீடு பெரும்பாலும் இத்தகைய இரவலே எனலாம்.

வியப்பென்னவெனில், இவ்விடயம் குவாட்ஸ் தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நுணுகி நோக்கப்பட்டுள்ளமையாகும். அடம் ஸ்மித் 1759 இல் வெளியிட்ட ஒழுக்க உணர்வுகள் பற்றிய நூலில் கடிகாரப் பிரியர் ஒருவரை எடுத்துக்காட்டுகின்றார். நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேற் பிந்தும் கடிகாரத்தை அவர் வெறுத்துச் சொற்ப விலைக்கு விற்றுவிட்டுப் பெருவிலை கொடுத்து வேறொன்றை வாங்குகின்றார். ஆயினும் அவர் பிறரைவிட நேரந்தவறாதவராக ஆகிவிடவில்லை. அவரைக் கவர்ந்தது நேரத்தை அறிதலன்று. அதை அறிவிக்கும் பொறியின் செம்மையே என்பது ஸ்மித்தின் முடிபு.

இம்முடிபை இருவகையாகக் கொள்ளலாம். 1899 இல் தோர்ஸ்ரைன் வெப்லன் முன்வைத்த பகட்டு நுகர்வுக் கோட்பாட்டின் வழி நோக்குமிடத்து, பொறியின் செம்மையைப் போற்றுவது விலையைப் போற்றுவதன் மறைமுக வடிவமே ஆகும். ஆனால் இவ்விளக்கம் முழுமையானதன்று. 1970 களின் நடுப்பகுதியில், லு லொக்கிள் நகரின் செனித் தொழிற்சாலையிற் பொறிமுறைக் கடிகார உற்பத்தியைக் கைவிடுமாறு அமெரிக்க உரிமையாளர் பணித்தனர். சார்ள்ஸ் வெர்மோ என்னும் தொழில்வினைஞர், 1969 இல் அறிமுகமான 'எல் பிறிமெரோ' குரோனோகிராப்புக்குரிய கருவிகளையும் குறிப்புகளையும் மேன்மாடத்தில் ஒளித்துவைத்தார். 1980 களில் அவ்வுற்பத்தி மீள உயிர்பெற்றமைக்கு அச்செயலே காரணமாயிற்று. அவர் காத்தது பகட்டையன்று. தலைமுறைகள் ஈட்டிய தொழிலறிவையே. 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலையளித்த சுவிஸ் கடிகாரத் தொழில், 1980 களின் நடுப்பகுதியில் முப்பதாயிரம் சொச்சம் பேருக்கே வேலையளித்தது என்பதை எண்ணும்போது, அத்தொழிலறிவின்பாற் கொண்ட பற்று வெறும் கேளிக்கையன்று என்பது தெளிவாகும். லா ஷோ-டு-ஃபோன் நகரை ஒரே பெருந்தொழிற்சாலையாகக் கண்ட மார்க்ஸ், மூலதனம் நூலிற் கடிகாரத்தை உழைப்புப் பிரிவினையின் எடுத்துக்காட்டாக ஆண்டதும் இங்கு நினைவுகூரத்தக்கது. கடிகாரத்தை மதிப்பவர் அதிலே செறிந்துள்ள உழைப்பை மதிக்கின்றாரா, அல்லது அதன் விலையை மதிக்கின்றாரா என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை காண அரிஸ்ரோட்டில் ஒரு வழி காட்டுகின்றார். பாதணிக்கு இரு பயன்கள் உண்டு: அணிதல் ஒன்று, பண்டமாற்றுச் செய்தல் மற்றொன்று. இரண்டும் அதன் பயன்களேயாயினும், அது ஆக்கப்பட்டது அணிவதற்கே. கடிகாரத்துக்கும் இது பொருந்தும். நடிகர் போல் நியூமன், மனைவி வழங்கிய டேற்றோனாக் கடிகாரத்தை ஆண்டுக்கணக்காக அணிந்து, 1984 இல் மகளின் நண்பர் ஒருவருக்கு இயல்பாகக் கொடுத்துவிட்டார். அதே கடிகாரம் 2017 ஒக்ரோபரில் நியூயோர்க் ஏலத்தில் ஒரு கோடியே எழுபத்தேழு இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அன்று அது கையில் இருந்தது; இன்று அதை அணிந்துகொண்டு மழையில் நனையத் துணிவார் எவருமிலர். பயன்பாட்டை விலை விழுங்கிவிட்டது. ஆகவே, நாள்தோறும் அணிவதற்கெனத் தெரிவுசெய்தல் என்னும் நிபந்தனை ஒழுக்கநோக்கில் அற்பமானதன்று. கீறல்விழ அஞ்சாது அணியக்கூடியதை வாங்குபவர் பொருளை உடையவராகின்றார். அஞ்சிப் பூட்டிவைப்பவர் பொருளால் உடைமைகொள்ளப்படுகின்றார்.

எனினும், மிகக் கடுமையான தடை இதன் பின்னரும் எஞ்சிநிற்கின்றது. பீற்றர் சிங்கர் 1972 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் வாதம் யாதெனில், குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பதற்கு உடை அழுக்காவதைப் பொருட்படுத்தலாகாதவாறே, தொலைவிலே பசியால் வாடுவோர்க்கு உதவக்கூடிய பணத்தை ஆடம்பரத்திற் செலவிடலும் ஆகாது என்பதாகும். தொழிலறிவின் மேன்மையோ அன்றாட அணிதலோ இவ்வாதத்துக்கு விடையாகா. இவ்வாதத்தை முற்றாக ஏற்பின் கடிகாரம் மட்டுமன்றி, நூலும் இசைத்தட்டும் நண்பர்க்கு இடும் விருந்துங்கூடக் குற்றமாகும். அத்தகைய வாழ்வைப் பெரும்பாலானோர் தாங்கார். ஆனால் தாங்கற்கரியது என்பது ஒரு வாதம் பிழையென்பதற்குச் சான்றாகாது. எல்லையை எங்கு இடுவது என்பதில் ஐயமுண்டு. எல்லை ஒன்று உண்டு என்பதில் ஐயமில்லை.

இந்நிலையில் நேர்மையான ஒருவர் செய்யக்கூடியது யாது? முதலாவதாக, தமது விருப்பைத் தேவையென்று பெயர்மாற்றாதிருத்தல். தேவைக்கு வாதம் போதும். விருப்புக்கோ வரம்பு வேண்டும். விருப்பைத் தேவையென மாற்றியழைப்பவர் அவ்வரம்பினின்று தப்புகின்றார். இரண்டாவதாக, அதன் செலவைப் பிறர்க்குரிய கடனிலிருந்தன்றித் தமக்குரிய வசதியிலிருந்தே ஈடுசெய்தல். வீட்டாரின் தேவையும் அயலாரின் இடரும் காத்திருக்க வாங்கப்பட்ட கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடினும் பிழையான கணக்கையே காட்டும். மூன்றாவதாக, வாங்கியதைத் தேயும்வரை பயன்படுத்துதல்.

இவை நிறைவேறினும் அச்செயல் முற்றும் நியாயமானதென்று எவரும் சான்றிதழ் வழங்கவியலாது. சிங்கரின் குழந்தை குளத்திலேயே இருக்கின்றது. அதை மறவாது அணிபவருக்கும் மறப்பதற்காகவே நியாயங்களைத் தேடுபவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெளியிலே தெரியாது. இருவரின் மணிக்கட்டிலும் ஒரே கடிகாரமே ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அடுத்த செலவின்போது அவ்வேறுபாடு வெளிப்படும்.