கயிறு பிடிப்பவர் யார்?

ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி ஒன்று தந்தோம். "கடல் பொங்கி ஊரை விழுங்கிவிட்டது. பத்துப் பேர் மட்டும் ஆளில்லாத் தீவொன்றில் கரையேறினர். பிறகு நடந்ததென்ன? கற்பனை செய்து எழுதுக." தூத்துக்குடிப் பிள்ளைகள் கடலறிந்தவர்கள், கற்பனைக்கா பஞ்சம்! பேசும் திமிங்கிலம் வந்தது. பறக்கும் தோணி வந்தது. முத்துக்குள் உறங்கும் இளவரசி வந்தாள். ஒரு மாணவன் மட்டும் மாயம் எதுவும் எழுதவில்லை. அவன் எழுதிய முதல் வரி இது: "தீவில் முதலில் இரண்டு கிணறு வெட்டினார்கள்."

"இரண்டு எதற்கப்பா?" என்று கேட்டோம்.

"பத்துப் பேரும் ஒரே ஆட்களாவா சார் இருப்பாங்க?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் போயிற்று, உடைமை போயிற்று, உற்றார் போயினர். இரண்டாவது கிணறு மட்டும் நீந்திக் கரையேறிவிட்டதே!

சமுதாயம் சரிந்தபின் மனிதன் யார்? நம் இளந்தோழர் சிலர்க்கு இதில் ஒரு நம்பிக்கை உண்டு. "இந்த அமைப்பு அடியோடு இடிந்து விழட்டும், இடிபாட்டிலிருந்து எழுபவன் சாதியற்ற மனிதனாக எழுவான்" என்பர். கேட்க இனிக்கிறது. உண்மைதானா? உரைத்துப் பார்ப்போம்.

கற்பனைக் கதைகளையே முதலில் கேட்போம். ஆங்கிலத்தில் டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்த மாயக்கதை. நூமெனார் என்னும் தீவு நாடு அதில் கடலுக்குள் மூழ்குகிறது. தப்பிப் பிழைத்தோர் புதுக்கரையில் அரசு நாட்டுகின்றனர். மூழ்கிய நாட்டின் குருதிப் பெருமை மூழ்கிற்றா? இல்லை. வேற்றினத் தாய்க்குப் பிறந்தவன் அரியணை ஏறினான் என்பதற்காக உள்நாட்டுப் போரே மூள்கிறது! மாயம் செய்யத் தெரிந்த கதையாசிரியர்க்கும் அந்த மாயம் மட்டும் செய்யத் தோன்றவில்லை.

நம்மிடமும் கடல்கோள் கதைகள் உண்டு. தமிழ்ச் சங்கம் இருந்த ஊர்களைக் கடல் கொண்டதென இறையனார் அகப்பொருள் உரை கூறும். முதற் சங்கம் 4,440 ஆண்டு, இடைச் சங்கம் 3,700 ஆண்டு என்று அது காட்டும் கணக்கை அறிவு ஏற்காது. ஆனால் கதையின் உள்ளக்கிடக்கையைக் காணுங்கள்: ஊரிழந்தவர்கள் மீண்டும் கூடித் தமிழாய்ந்தனர் என்கிறது. மணிமேகலையோ, மன்னன் இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது. மறந்தவன் ஒருவன், மூழ்கியது ஊர் முழுவதும்! இந்த நீதியைத் தள்ளுவோம். அதே காப்பியத்தில் கொள்ளத் தக்கதும் இருக்கிறது. பிறப்பைச் சொல்லிப் பழித்துத் துரத்தப்பட்ட ஆபுத்திரனின் பாத்திரம் பின்னர் மணிமேகலை கைக்கு வருகிறது. புகார் அழிந்தபின் அதை ஏந்தித்தான் அவள் காஞ்சியில் பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டாள்.

கதை இருக்கட்டும்; நடந்ததைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26. ஆழிப் பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலிகொண்டது. அலை ஆளைப் பார்த்து அடிக்கவில்லை. ஆயின் துயர் துடைக்கும் முகாம்களில், தாழ்த்தப்பட்டோர் உடன் தங்குவதையும் ஒரே இடத்தில் தண்ணீர் எடுப்பதையும் தடுத்த கொடுமைகளை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. மாணவன் எழுதியது கற்பனையன்று, தோழர்களே! நாடு எழுதியதைத்தான் அவன் பார்த்து எழுதினான்.

நம் முத்துக்குளித்துறைக் கரையே சரிவுகளின் வரலாறுதான். முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கொற்கைக் கடலில் முத்தெடுத்தோர் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. அந்தக் கொற்கையைக் கடல் விழுங்கவில்லை. தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளிவிட, பாண்டியர் துறைமுகம் உள்நாட்டுச் சிற்றூர் ஆயிற்று. மார்க்கோ போலோ கண்ட காயலும் அவ்வாறே தூர்ந்தது. 1530களில் பரதவர் ஆயிரக்கணக்கில் கிறித்தவம் தழுவினர். போர்த்துக்கீசியர் போய் 1658இல் டச்சுக்காரர் வந்தனர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். சமயம் மாறிற்று, ஆட்சி மாறிற்று, சாதித் தலைவன் என்னும் பதவி மட்டும் நிலைத்து நின்றது. பழிப்பதற்காகக் கூறவில்லை. அன்னியர் மாறி மாறி ஆண்டபோது அந்தக் கட்டுக்கோப்புத்தான் அவர்களைக் காத்தது. 1961க்குப் பின் இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. குளியாட்கள் சங்கெடுக்கவும் மீன்பிடிக்கவும் துறைமுகக் கூலிக்கும் போயினர். முத்து போயிற்று; முத்துக் குளித்தவனின் குலப்பெயர் போகவில்லை.

ஏன்? விடை அந்தத் தோணியிலேயே இருக்கிறது. குளியாள் கல்லில் காலூன்றிக் கடலுக்குள் இறங்குவான். மூச்சடக்கிச் சிப்பி வாருவான். அவன் கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவர் இழுக்க வேண்டும். தவறினால் உயிர் போகும். ஆகவே மைத்துனன்தான் கயிறு பிடிப்பான் என்று சொல்வது இக்கரை வழக்கு. உடன்பிறந்தவள் தாலியறுக்க எவன் விரும்புவான்?

சாதியின் வலிமை புராணத்தில் மட்டும் இல்லை. இந்தக் கயிற்றிலும் இருக்கிறது. இடி விழும்போது மனிதன் எண்ணுவது, "என் கயிற்றைப் பிடிப்பவர் யார்?" என்பதே. குலத்தானைத் தவிர வேறெவரையும் நம்பப் பழகாதவன் குலத்தையே தேடி ஓடுவான். எனவே, சரிவு சாதியைக் கொல்வதில்லை. அச்சத்தை ஊட்டி வளர்க்கிறது. அழிவு வந்து நம் வேலையைச் செய்துவிடும் என்று காத்திருப்பது பகுத்தறிவன்று. அதுவும் ஒரு மூடநம்பிக்கையே!

அப்படியானால் குலக்கயிறே போதுமென்று இருந்துவிடலாமா? கூடாது. அது தன்னவனை மேலே இழுக்கும். பக்கத்தில் மூழ்குபவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். காக்கும் கை, தள்ளும் கையாகவும் இருக்கிறது. தேவை வேறு கயிறு. அதுவும் வெள்ளம் வருமுன் முறுக்கி வைத்த கயிறு.

அது முடியாததன்று. 1908இல் இதே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர், ஊர்மக்கள் உதவினர், கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. அன்று பசித்த வயிற்றின் கயிற்றைப் பிடித்தவர் எல்லாரும் மைத்துனர்களா?

இன்னொரு வழியும் உண்டு. மைத்துனன்தான் கயிறு பிடிப்பானெனில், மைத்துனனையே மாற்றுவோம்! சாதி மறுத்து மணந்தால், வேற்றுக் குலத்தான் மைத்துனன் ஆகிறான். 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்புக் கிடைத்தது. கதவு திறந்திருக்கிறது, நுழைவோர் எத்தனை பேர்? நுழைந்தோரை வெட்டிச் சாய்க்கும் கொடுமை இன்றும் நின்றபாடில்லை. மேடையிலே ஒரே கிணறு பேசும் நாம், நம் தங்கைக்கு மாப்பிள்ளை தேடும்போது எத்தனை கிணறு வெட்டுகிறோம்? மாணவனைத் திருத்துமுன் விடைத்தாளில் நம் பெயரையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அவன் கட்டுரைக்கு மதிப்பெண் குறைக்கவில்லை; கண்டதை எழுதியவனைத் தண்டிப்பது முறையன்று. கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதித் தந்தோம்:

"தம்பி, கிணறு வெட்ட ஒருவன் உள்ளே இறங்கினால் மேலே ஒருவன் கயிறு பிடிக்க வேண்டுமே. பத்தே பேர் உள்ள தீவில், முதற் கிணற்றுக்குக் கயிறு பிடித்தவர் யார்?"

மறுநாள் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தான். 'இரண்டு' என்பதை அடித்திருந்தான்.