அந்தக் கை எவருடையது?

புகழ்பெற்ற ஓவியமொன்றின் பிரதியை வாங்கி வீட்டு முன்னறையில் மாட்டிவைப்பது முறையா என்ற கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். அரிசி விலை மக்களை வாட்டும் வேளையில் சுவரிலே தொங்கும் படத்தைப் பற்றி என்ன விசாரம் என்று கேட்போரும் உளர். எனினும் கலையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் நாம் கொண்டுள்ள எண்ணங்கள் அந்தப் படத்திலே ஒருங்கே வெளிப்படுகின்றன. ஆதலால் இக்கேள்வியைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும்.

பிரதி என்றாலே போலி என இகழ்வோர் சிலர். இவ்வாதம் செல்லாது. பிரதியை மூலமென்று கூறி விற்பவனே மோசக்காரன். பிரதியென்று கூறியே விற்பவன் எவரையும் ஏமாற்றவில்லை. மூல ஓவியங்கள் சில பெருநகரங்களின் நூதனசாலைகளிலும் செல்வரின் மாளிகைகளிலும் அடைபட்டுக் கிடக்க, உலக மக்களிற் பெரும்பாலோர் அவற்றைப் பிரதிகள் வாயிலாகவே அறிகின்றனர். கலை மக்களுக்குரியது என்று கூறும் நாம் பிரதியைப் பழித்தல் பொருந்தாது.

இன்று மிகுதியாகப் பிரதி செய்யப்படும் ஓவியர்களுள் ஒருவரான வின்சன்ற் வான்கோ தாமே பிரதி செய்தவர். 1889 ஆம் ஆண்டில் தென் பிரான்சில், சென் ரெமியிலிருந்த மனநோய் வைத்தியசாலையிலே தங்கியிருந்தபோது, மிலே என்னும் ஓவியரின் உழவர் படங்களை அச்சுப் படங்களிற் பார்த்துத் தீட்டத் தொடங்கினார். அவ்வாறு தீட்டியவை இருபதுக்கும் மேற்பட்டவை. கறுப்பு வெள்ளையில் இருந்தவற்றுக்கு அவரே வர்ணம் கண்டார். அதனை ஒருவகை மொழிபெயர்ப்பாகவே கருதினார். பிரதி செய்யும் கையும் சிந்திக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆகவே குற்றம் பிரதியில் இல்லை. பின் எங்கே இருக்கிறது?

அச்சுப் படம் மலிவானது. பல வேளைகளில் மூலத்துக்கு மிக நெருங்கியதுங்கூட. அவ்வாறிருந்தும் கூடிய பணம் கொடுத்துக் கையால் தீட்டிய பிரதியைச் சிலர் நாடுவதேன்? தூரிகையின் தடம் தெரிய வேண்டும், மனிதக் கைபட்ட பொருளொன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகவே. விற்பவரும் அதனையே சிறப்பாக எடுத்துரைக்கின்றனர். ஆயின் அந்தக் கை எவருடையது? விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதுமில்லை. கையைப் போற்றிக் கைக்குரியவனை மறைக்கும் இம்முரண்பாடே நாம் ஆராய வேண்டியது.

சீனத்தின் ஷென்சென் நகரிலே டாபென் என்றோர் இடம் உண்டு. 1989 ஆம் ஆண்டில் ஹொங்கொங் வணிகர் ஒருவர் சில ஓவியர்களுடன் அங்கு பட்டறை அமைத்தார். பின்னர் ஆயிரக்கணக்கானோர் அங்கு திரண்டனர். நாட்டுப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் அவர்களுட் பலர். அவர்கள் தீட்டிய வான்கோக்கள் கப்பலேறி மேல்நாடுகளுக்குச் சென்றன. அவர்களுள் ஒருவரான சாவோ சியாவ்யோங்கைப் பற்றி 2016 இல் விவரணப் படமொன்று வெளிவந்தது. இருபது ஆண்டுகளாக வான்கோவைத் தீட்டிய அவர், ஆம்ஸ்ரடாம் சென்று முதன்முறையாக மூல ஓவியங்களின் முன் நின்றார். கலைக்கூடத்தில் இருக்கும் என நம்பிய தம் பிரதிகள் அங்கே நினைவுப்பொருட் கடையில் தொங்கின. விலையோ அவர் பெற்ற கூலியின் பன்மடங்கு. நாடு திரும்பியபின் அவர் தம் சொந்த ஓவியங்களைத் தீட்டலானார்.

தச்சன் தான் செய்த நாற்காலியில் பெயர் பொறிக்கிறானா, கூலி கொடுத்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். நாற்காலியில் நாம் அமர்கிறோம். எவருடைய ஆன்மாவும் அதில் உறைகிறதென்று விருந்தினரிடம் பெருமை பேசுவதில்லை. ஓவியப் பிரதியிலோ அந்தப் பெருமைக்கே விலை கொடுக்கிறோம். கலையென விற்று உழைப்பாளிக்கு மட்டும் வெறுங்கூலியென அளப்பது நீதியாகாது. அவ்விரு அளவுகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடே வணிகனின் இலாபம்.

பிரதி செய்வோனுக்கும் பெயர் உண்டு என்பது தமிழருக்குப் புதிதன்று. நம் பழைய நூல்கள் ஓலையிலிருந்து ஓலைக்குப் பெயர்த்தெழுதப்பட்டே நிலைபெற்றன. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் அச்சேற்றுவதற்குத் தேடித்திரட்டியவை அத்தகைய ஏடுகளே. ஏட்டின் இறுதியில், இன்ன ஆண்டு இன்ன நாளில் இன்னார் எழுதி முடித்தார் என்ற குறிப்புப் பலவற்றிற் காணப்படும். அவ்வாறு எழுதியவர் தம்மைக் கம்பரென்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆயினும் தம் பெயரை ஒளிக்கவுமில்லை. புலவரின் பெயரும் எழுதியவரின் பெயரும் ஒரே ஏட்டில் இருந்தன. அதனாற் புலவரின் புகழ் எள்ளளவும் குறையவில்லை.

கையால் தீட்டிய பிரதியை வாங்குவோர் அதனை நாணத்துடன் மறைக்க வேண்டியதில்லை. தீட்டியவர் யார், அவருக்குக் கிடைத்தது எவ்வளவு என்று விற்பவரைக் கேட்பதே அவர்தம் கடமை. பெயர் மட்டும் வயிற்றை நிரப்பாது என்பது உண்மையே. ஆனால் பெயரில்லாதவனின் கூலியைக் குறைப்பது எளிது. பெயருள்ளவன் தன் விலையைச் சொல்ல முடியும். பல வீடுகளில் இக்கேள்வி எழுந்தால், அதற்கு விடை வைத்திருக்க வேண்டிய நிலை வணிகனுக்கு உண்டாகும். பிரதியின் கீழே வான்கோவின் பெயரோடு இன்னொரு பெயரையும் எழுதுவதற்கு ஒரு வரி இடம் போதும்.